சொல் கொடுத்தவனுக்கு நூல் இல்லையா?

நாஞ்சில் என்னும் சொல்லுக்குக் கலப்பை என்பது பொருள். கலப்பையின் பெயரையே தன் பெயராகப் பூண்ட நாடு நம் நாஞ்சில் நாடு. கன்னிப்பூ, கும்பப்பூ என இருபூ விளைந்த அதன் வயல்கள் இன்று மனைக்கட்டுகளாகி வருகின்றன. வயல் மறையும்பொழுது நெல் மட்டும் மறைவதில்லை. நெல்லோடு பிறந்த சொற்களும் மறைகின்றன. தொளி என்றால் என்ன, சூடடிப்பு என்றால் என்ன, கட்டைச்சம்பா எப்படி இருக்கும் என்று கேட்டால் விடை சொல்லத் தெரியாத பிள்ளைகள், வயலுக்கு அடுத்த தெருவிலிருந்தே என் வகுப்புக்கு வருகின்றனர்.

இது கண்டு உளம் வருந்திய மாணவியார் ஒருவர், என்னிடம் பள்ளியில் தமிழ் பயின்று, பின்னர் மொழியியல் கற்று முனைவர்ப் பட்டமும் பெற்றவர், இரண்டு அறுவடைக் காலம் பூதப்பாண்டிப் பக்கத்துச் சிற்றூர்களில் தங்கி, முதிய உழவர்களிடம் அச்சொற்களைக் கேட்டுத் திரட்டினார். அவருக்கு மிகுதியான சொற்களைத் தந்தவர் எண்பதைக் கடந்த ஒரு பெரியவர். கலப்பையின் உறுப்புகள், மண்ணின் வகைகள், மடை திறக்கும் முறைகள், நெல்லின் பெயர்கள் என்று அப்பெரியவர் நாள்கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்தாராம். கூலி கேட்கவில்லை, குடிக்க நீரும் மோருமே கொடுத்தனுப்பினார்.

அத்தொகுப்பு ஓர் ஆய்வுக் கட்டுரையாயிற்று. ஆங்கிலத்தில் எழுதப்பட்டு அயல்நாட்டு ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்தது. செய்தியறிந்து மகிழ்ந்த நான், அக்கட்டுரையைப் படிக்க விரும்பி இணையத்தில் தேடினேன். தலைப்பும் ஐந்தாறு வரிச் சுருக்கமும் தெரிந்தன. அதற்குமேல் ஒரு பூட்டு! அந்த ஒரு கட்டுரையை மட்டும் படிப்பதற்கு நம் உருபாவில் மூவாயிரத்துக்கு மேல் கட்ட வேண்டுமென்று அப்பூட்டின்மேல் எழுதியிருந்தது. மாணவியாரைக் கேட்டேன். “என்னிடம் உள்ள படியை உங்களுக்கு அனுப்புகிறேன் ஐயா, ஆனால் வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். உரிமையை அவர்களுக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன்” என்றார். தாம் எழுதிய கட்டுரையைத் தம் ஆசிரியனுக்குக் காட்டவும் ஒருவர் அஞ்ச வேண்டிய நிலையை அன்றுதான் கண்டேன்.

அடுத்த முறை அவர் ஊருக்கு வந்தபொழுது அப்பெரியவர் அவரிடம் கேட்டாராம்: “மக்களே, நான் சொன்னதெல்லாம் பொத்தகமா வந்திருக்காமே, ஒண்ணு காட்டு, பாக்கட்டும்.” அவர் என்ன காட்டுவார்? ஆங்கிலத்தில் எழுதி அயலானின் பூட்டுக்குள் வைத்ததை எப்படிக் காட்டுவார்?

சொல் கொடுத்தவனுக்கு நூல் இல்லை. இதுவே இக்கட்டுரையின் பொருள். இது ஒரு மாணவியின் குறையன்று. ஒரு பெரியவரின் ஏமாற்றமும் அன்று. இன்றைய உலகில் அறிவு எப்படி விளைவிக்கப்படுகிறது, யாரால் விற்கப்படுகிறது, யாருக்கு மறுக்கப்படுகிறது என்பதன் ஒரு சிறு பகுதியே இது. தமிழர் இதனைத் தெளிவாக உணர்ந்துகொள்ளல் வேண்டும்.

ஆய்விதழ் வணிகம் உலகில் வேறெங்கும் காணாத ஒரு வணிகம். நெல்லை விளைவிப்பவனுக்கு விலை குறைவாகவேனும் கிடைக்கிறது. கட்டுரையை விளைவிப்பவனுக்கோ இவ்வணிகத்தில் ஒரு காசும் இல்லை. ஆய்வாளர்க்குச் சம்பளம் கொடுப்பது பெரும்பாலும் அரசு, அஃதாவது மக்கள். எழுதிய கட்டுரையை ஆய்ந்து, ஏற்கத்தக்கதா என்று தீர்ப்புச் சொல்வோரும் பிற ஆய்வாளரே. அவர்க்கும் பதிப்பகத்தார் கூலி தருவதில்லை. இவ்வாறு இருமுறை இலவயமாகப் பெற்ற பொருளின்மேல் பதிப்பகம் தன் உரிமையை எழுதி வாங்கிக்கொள்கிறது. பின்னர் அதே பொருளை, அதே ஆய்வாளர் பணிசெய்யும் பல்கலைக்கழகத்தின் நூலகத்துக்கே ஆண்டுதோறும் கட்டணத்துக்கு விற்கிறது. உழுதவனிடமே நெல்லை வாங்கிப் பணம் கொடாமல், அவனுக்கே அரிசியாக்கி விற்பது போன்றது இது. இத்துறையின் பெருநிறுவனமான எல்சுவியர், தன் வருவாயில் மூன்றிலொரு பங்குக்கு மேல் ஊதியமாக ஈட்டுகிறது என்றால் வியப்பென்ன?

தொடக்கத்தில் இஃது இவ்வாறு இருந்ததில்லை. 1665-ஆம் ஆண்டு பாரிசிலும் இலண்டனிலும் முதல் ஆய்விதழ்கள் தோன்றின. ஒருவர் கண்டதைப் பிறர் அறிந்து, சரிபார்த்து, திருத்தி, மேலே செல்லவேண்டும் என்பதே அவற்றின் நோக்கம். நெடுங்காலம் அவை பெரும்பாலும் அறிஞர் கழகங்களின் கையிலேயே இருந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அரசுகள் ஆய்வுக்குப் பெரும்பணம் ஒதுக்கத் தொடங்கியபொழுதுதான், இதில் பொன் விளையும் என்று வணிகர் கண்டுகொண்டனர். இராபர்ட்டு மாக்சுவெல் என்பார் பெர்கமான் என்னும் பதிப்பகத்தை வளர்த்து, துறைக்கொன்றாக இதழ்களைப் பெருக்கினார். எந்த நூலகமும் ஓர் இதழுக்குப் பகரமாக வேறோர் இதழை வாங்கி நிறைவடைய முடியாது. வேண்டிய கட்டுரை எதில் உளதோ அதையே வாங்கவேண்டும். போட்டியில்லாத கடையில் விலைக்கு வரம்பேது? பெர்கமான் 1991-இல் எல்சுவியரின் கைக்குப் போயிற்று. கைமாறியது கடைதான், வணிகமுறை மாறவில்லை.

இக்கொள்ளையை எதிர்த்து மேலை நாட்டு அறிஞர்களே எழுந்தனர் என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. 1991-இல் அமெரிக்காவில் பால் கின்சுபார்கு என்னும் இயற்பியலறிஞர், அச்சாகுமுன்னரே கட்டுரைகளை எல்லாரும் கட்டணமின்றிப் படிப்பதற்கான ஓர் இணையக் களஞ்சியத்தைத் தொடங்கினார். 2002-இல் புடாபெசுட்டிலும் 2003-இல் பெர்லினிலும் வெளியான அறிக்கைகள், ஆய்வுக் கட்டுரைகள் அனைத்தும் எவரும் விலையின்றிப் படிக்கவும் பயன்கொள்ளவும் திறந்திருத்தல் வேண்டுமென்று முழங்கின. இதனையே ‘திறந்த அணுக்கம்’ என்கின்றனர். 2011-இல் கசகசுத்தான் நாட்டு இளம்பெண்ணாகிய அலெக்சாந்திரா எல்பாக்கியான், பூட்டிய கட்டுரைகளையெல்லாம் உடைத்து வெளியிடும் ஓர் இணையவாயிலை அமைத்தார். அவர்மேல் மூன்று பதிப்பகங்கள் 2020-இல் தில்லி உயர்வழக்குமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. 2025-இல் அவ்வாயிலை இந்தியாவில் முடக்க ஆணை பிறந்தது. பூட்டை உடைப்பது நிலையான வழியன்று என்பதை நானும் ஒப்புகிறேன். ஆனால், பசித்தவன் ஏன் பூட்டை உடைத்தான் என்று கேளாமல் அவனை மட்டும் தண்டிக்கும் அறம் அரைகுறை அறமே.

திறந்து வையுங்கள் என்ற குரல் வலுத்ததும் வணிகர் என்ன செய்தனர்? திறந்தும் வைத்தனர், பணத்தையும் விடவில்லை! படிப்பவனிடம் வாங்கிய காசை எழுதுபவனிடம் வாங்கத் தொடங்கினர். ‘நேச்சர்’ என்னும் பேரிதழ், ஒரு கட்டுரையை எல்லாரும் படிக்கத் திறந்து வைப்பதற்கு 9,500 யூரோ கட்டணமென்று 2020-இல் அறிவித்தது. நம் பணத்தில் எட்டு இலக்கம் உருபாவுக்கு மேல்! முன்னர் ஏழை படிக்க முடியாதவனாக இருந்தான். இப்பொழுது ஏழை எழுத முடியாதவனானான். வாயிற்கதவைத் திறந்து கொல்லைக் கதவை அடைப்பதற்கு விடுதலை என்று பெயரிடலாமா?

இனி, இந்திய அரசு செய்தது யாது? ‘ஒரே நாடு, ஒரே சந்தா’ என்று பெயரிட்ட திட்டமொன்றுக்கு 2024 நவம்பரில் நடுவணமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2025 முதல் 2027 வரை மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி உருபா. முப்பது பன்னாட்டுப் பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை, 6,300-க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களைச் சேர்ந்த ஒரு கோடியே எண்பது இலக்கம் பேர் படிக்கலாம் என்பது திட்டம். நடுநிலையோடு சொன்னால், இதனால் நன்மை இல்லாமலில்லை. முன்பு தில்லியிலும் மும்பையிலும் உள்ள பெருநிறுவனத்தார்க்கே கிட்டிய இதழ்கள், இன்று ஒரு மூலையிலுள்ள அரசுக் கல்லூரி மாணவனுக்கும் கிட்டுகின்றன. அதனை வரவேற்போம்.

ஆனால், மூன்று வினாக்கள் உள்ளன. பூட்டுக்குரியவனிடம் மூன்றாண்டு வாடகைக்குத் திறவுகோல் வாங்குவது விடுதலையா? நான்காம் ஆண்டு அவன் விலையை உயர்த்தினால் மீண்டும் அவன் வாயிலில் நிற்க வேண்டாமா? இது முதல் வினா. பள்ளியாசிரியர், தனித்து ஆய்வு செய்யும் புலவர், ஓய்வுபெற்ற அறிஞர், நாட்டுப்புற மருத்துவர், உழவர் ஆகிய இவர்களெல்லாம் அறிவுக்கு உரியவர் அல்லரா? இவர்களின் வரிப்பணமும் அந்த ஆறாயிரங் கோடியில் கலந்திருக்கிறதே! இது இரண்டாம் வினா. அத்துணைப் பணமும் அயல்நாட்டுப் பதிப்பகங்களுக்குச் செல்ல, தமிழில் ஆய்விதழ் நடத்துவார்க்கும், தமிழில் ஆய்வெழுதுவார்க்கும் கிடைத்தது என்ன? இது மூன்றாம் வினா. இம் மூன்றுக்கும் விடை சொல்ல வேண்டிய கடமை தில்லிக்கு உண்டு.

வேதக் கிளையினர்க்குக் கல்வி, உழவனுக்குக் கலப்பை என்ற பழைய பிரிவினை இங்கு நினைவுக்கு வருகிறது. நம் குமரி மாவட்டத்து முஞ்சிறைப் பக்கத்திலுள்ள பார்த்திவசேகரபுரத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில் ஆய் வேந்தன் கருநந்தடக்கன் ஒரு சாலையை நிறுவினான். காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்டது அது. தொண்ணூற்றைந்து சட்டர்கள், அஃதாவது மாணாக்கர், அங்கு உண்டு தங்கிப் பயில நிலங்கள் விடப்பட்டன. அவ்விடங்கள் மூன்று வேதக் கிளையினர்க்கே பிரித்தளிக்கப்பட்டன என்பதை அவ்வேந்தனின் செப்பேடே கூறுகிறது. வயலை உழுதவன் நம் உழவன். அவ்விளைச்சலில் நடந்த சாலையிலோ அவன் மகனுக்கு இடமில்லை. ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுக்குப் பின்னும் சொல் கொடுத்த உழவன் வெளியில் நிற்கிறான். பூட்டின் வடிவம் மட்டுமே மாறியிருக்கிறது.

அச்செப்பேட்டைப் பற்றி நாம் அறிந்தது எவ்வாறு? நம் பகுதி திருவிதாங்கூரின் ஆட்சியில் இருந்த காலத்தில், கோபிநாதராவ் அதனைத் திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையில் பதிப்பித்தார். பதிப்பு விளக்கமெல்லாம் ஆங்கிலம். நெடுங்காலம் அது பெருநூலகங்களிலன்றிக் கிடைக்காத நூல். 1956 நவம்பர் 1-இல் நாம் தாய்த்தமிழகத்தோடு இணைந்த பின்னர், 1970-களில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை கன்னியாகுமரிக் கல்வெட்டுகளைத் தமிழில் தொகுதிகளாக வெளியிட்டது. இன்று அப்பழைய திருவிதாங்கூர் வரிசை, உரிமைக்காலம் முடிந்தமையால், இணையத்தில் எவர்க்கும் இலவயமாகக் கிடைக்கிறது. என் பள்ளி மாணவர்க்கு அதன் பக்கங்களைக் காட்டி, “இது நம் ஊர்ச் செய்தி” என்று சொல்ல முடிகிறது. கதவு திறந்தால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

திறவாக் கதவுக்கும் சான்று உண்டு. இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966-இல் உதகையிலிருந்து மைசூருக்குப் பெயர்ந்தது. தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகளும் உடன் சென்றன. படியெடுத்துப் பல பதிற்றாண்டுகள் கடந்தும் அச்சேறாதவை அவற்றுள் மிகப்பல. தமிழ் மைப்படிகளை ஆறு திங்களுக்குள் சென்னைக்குக் கொண்டுவரவேண்டுமென்று 2021 ஆகத்தில் உயர்வழக்குமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட வேண்டியதாயிற்று. தமிழர் வரிப்பணத்தில், தமிழ்மண்ணின் கல்லில், தமிழெழுத்தில் உள்ளதைத் தமிழர் காண வழக்குமன்றம் ஏற வேண்டியிருந்தது! மைப்படி எந்நகரத்தில் இருந்தாலும், அதன் ஒளிப்படி இணையத்தில் எல்லார்க்கும் திறந்திருந்தால் இவ்வழக்குக்கே தேவை இருந்திராது.

பிறரைக் குறைகூறும் நாம் நம் வீட்டையும் பார்க்க வேண்டும். தமிழ்த்துறைகளில் நிகழ்ந்தது என்ன? ஆய்வேட்டை ஒப்படைக்குமுன் ஓர் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்று பல்கலைக்கழக நல்கைக்குழு 2016-இல் விதித்தது. ஆசிரியப் பதவிக்கும் உயர்வுக்கும் கட்டுரை எண்ணிக்கை அளவுகோலாயிற்று. உடனே காளான்போல் இதழ்கள் முளைத்தன. பணம் கட்டினால் ஒரே கிழமையில் கட்டுரை அச்சேறும். படித்துப் பார்ப்பார் எவருமில்லை. எனக்குத் தெரிந்த ஏழை மாணவர் ஒருவர், தாயின் காதணியை அடகு வைத்து இரண்டு கட்டுரை வெளியிட்டார். அவ்விதழை இன்றுவரை ஒருவரும் படித்ததில்லை என்பது அவருக்கே தெரியும். தரமான இதழ்களைப் பட்டியலிட 2019-இல் ஏற்பட்ட ஏற்பாடும் 2025 பிப்பிரவரியில் கைவிடப்பட்டது. முனைவர்ப் பட்டத்துக்குக் கட்டுரை கட்டாயம் என்னும் விதி 2022-இல் நீங்கியது நல்லதே. எனினும் எண்ணிக்கை நோய் இன்னும் நீங்கவில்லை. இத்தகைய இதழ்களும் தம்மைத் ‘திறந்த அணுக்க இதழ்’ என்றே அழைத்துக்கொள்கின்றன. கள்ளப்பணத்திலும் அரசின் முத்திரை இருக்கத்தானே செய்யும்! அதற்காக நல்ல பணத்தை வேண்டா என்போமா?

ஆய்வேடுகளின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். ஆய்வேட்டின் மின்படியை நடுவண் களஞ்சியத்தில் சேர்க்க வேண்டுமென்பது 2009 முதல் விதி. அக்களஞ்சியத்துக்குச் ‘சோத்கங்கா’ என்று வடமொழிப் பெயர். பெயர் கிடக்கட்டும், செயல் நன்று. நம் மாவட்டத்துக் கல்லூரிகள் சார்ந்துள்ள மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் ஏடுகளையும் அதில் விலையின்றிப் படிக்கலாம். ஆனால், தமிழேடுகள் பலவும் பழைய எழுத்துருக்களில் அச்சிட்டுப் படமாக ஏற்றப்பட்டவை. ஒரு சொல்லைத் தேடினால் அகப்படுவதில்லை. வீடு திறந்திருக்கிறது, விளக்கில்லை.

திறந்த அறிவு மேலைநாட்டார் நமக்குக் கற்றுத்தர வேண்டிய பாடமா என்றால், இல்லை. பூட்டிக் கிடந்த ஏடு செல்லுக்கு இரையாகும் என்று கண்டு, தம் சம்பளத்தையும் உடல்நலத்தையும் செலவிட்டுத் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885-இலும் கலித்தொகையை 1887-இலும் அச்சேற்றிய சி.வை. தாமோதரனார் செய்தது என்ன? அதே 1887-இல் சிந்தாமணியை வெளிக்கொணர்ந்த உ.வே. சாமிநாதர் ஊரூராக நடந்தது எதற்கு? வீட்டுப் பரணில் இருந்ததை நாட்டுப் பொருளாக்குவதற்கே. மொழிஞாயிறு பாவாணர் தம் நூல் பலவற்றைத் தம் முயற்சியிலேயே அச்சிட்டார்; இன்று அவர்தம் நூல்கள் நாட்டுடைமை. எழுதியவரின் குடும்பத்துக்கு அரசு ஒரு தொகை தந்து, நூலை எல்லார்க்கும் உரியதாக்கும் இந்த நாட்டுடைமை முறை, உலகுக்கே தமிழ்நாடு காட்டத்தக்க வழி.

இணையக் காலத்திலும் தமிழர் பின்தங்கவில்லை. 1998 பொங்கல் திருநாளில் சுவிட்சர்லாந்தில் வாழும் கலியாணசுந்தரனார் முதலியோர் தொடங்கிய மதுரைத் திட்டம், தொண்டர்கள் தட்டச்சிட்டுப் பிழைதிருத்திய தமிழ்நூல்களை ஒரு காசும் வாங்காமல் உலகெங்கும் தந்து வருகிறது. 1981-இல் யாழ்ப்பாண நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிக்கப்பட்ட கொடுமையை நாம் மறவோம். அவ்வெரிந்த மண்ணின் மக்கள் 2005-இல் ‘நூலகம்’ என்னும் பெயரிலேயே ஓர் இணையக் களஞ்சியம் கண்டனர். தீயால் அழிக்க முடியாத நூலகம் அது. பூட்டும் இல்லாத நூலகம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், கோட்டையூர் உரோசா முத்தையாவின் தொகுப்பால் 1994-இல் சென்னையில் அமைந்த ஆய்வு நூலகமும் இவ்வழியில் செல்வன. பழைய நூல்களுக்குத் திறந்த நெஞ்சம் புதிய ஆய்வுகளுக்கு மட்டும் ஏன் மூடியிருக்க வேண்டும்?

இங்கு ஓர் ஐயம் எழலாம். “எல்லாவற்றையும் இலவயமாக்கினால் தமிழ் எழுத்தாளனும் சிறு பதிப்பகத்தாரும் எப்படி வாழ்வது?” என்பர். முறையான கேள்வி. பாட்டும் கதையும் எழுதி அவ்வருவாயில் வாழ்பவரின் உரிமையைப் பறிக்க வேண்டுமென்று நான் சொல்லவில்லை. நூறு படி விற்பதற்கே திண்டாடும் தமிழ்ப் பதிப்பகத்தாரும் பன்னாட்டுப் பெருவணிகரும் ஒன்றல்லர். மக்கள் பணத்தில் சம்பளமோ நல்கையோ பெற்று எழுதிய ஆய்வுக்கு, மக்களிடம் இன்னொரு முறை விலை வாங்கக் கூடாது என்பதே நம் கொள்கை.

இன்னொன்றும் உண்டு. அதுவே நமக்குத் தலையாயது. பூட்டு ஒன்றன்று, இரண்டு. ஒன்று விலை, மற்றொன்று மொழி. நாளையே எல்லா இதழ்களும் விலையின்றித் திறந்தாலும், ஆங்கிலம் அறியாத நம் உழவர்க்கு அவை மூடிய இதழ்களே. திறந்த அணுக்கம் பேசும் மேலையறிஞர் முதற்பூட்டை மட்டுமே காண்கின்றனர். இரண்டாம் பூட்டை அவர் காணார். ஏனெனில், அது அவர் மொழி. அதனைத் திறக்க வேண்டியவர் நாமே.

எனவே, நாம் வேண்டுவன இவை. முதலாவது, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம், உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் முதலாகத் தமிழர் பணத்தில் நடக்கும் எல்லா நிறுவனங்களின் இதழ்களும் வெளியீடுகளும், முதலிதழ் தொட்டு, இணையத்தில் சொல்தேடும் வகையில் விலையின்றித் திறக்கப்படல் வேண்டும். இரண்டாவது, தமிழ்நாட்டு அரசின் நல்கையால் எம்மொழியில் எத்துறையில் ஆய்வு செய்தாலும், அதன் பயனைத் தமிழில் ஒரு கட்டுரையாகவேனும் எழுதி வெளியிடுதல் கட்டாயமாக்கப்படல் வேண்டும். மூன்றாவது, எழுதுவாரிடமும் படிப்பாரிடமும் காசு வாங்காத, ஆனால் உண்மையாகவே மதிப்பிட்டு வெளியிடும் தமிழ் ஆய்விதழ்கள் சிலவற்றை அரசு பொருளுதவி தந்து காத்தல் வேண்டும். ஆறாயிரங் கோடியில் ஆயிரத்திலொரு பங்காகிய ஆறு கோடி இதற்குப் போதாதா?

இளம் ஆய்வாளர்க்கும் ஒரு சொல். உரிமையை எழுதிக் கொடுக்குமுன் ஒப்பந்தத்தைப் படியுங்கள். அச்சிட்ட வடிவத்தைத் தர மறுக்கும் பதிப்பகங்களுள் பலவும், ஏற்கப்பெற்ற உங்கள் கைப்படியைக் குறித்த காலத்துக்குப் பின் பொதுக் களஞ்சியத்தில் நீங்களே வைத்துக்கொள்ள இசைகின்றன. இவ்வுரிமை இருப்பதை அறியாமலே எத்தனையோ பேர் இழக்கின்றனர். நம் இயக்கத்தார்க்கும் ஒரு சொல். பழைய தனித்தமிழ் இதழ்களின் தொகுதிகள் நம் வீட்டுப் பரண்களில் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. “என்னிடம் மட்டுமே உள்ளது” என்று பெருமை பேசுகிறோம். அதுவும் ஒரு பூட்டே. அவற்றை ஒளிப்படி எடுத்துப் பொதுவில் வைப்போம்.

தொடங்கிய இடத்துக்கே வருகிறேன். என் மாணவியார் அக்கட்டுரையைத் தமிழில் புதிதாக எழுதத் தொடங்கினார். எழுதிய பகுதியை எடுத்துக்கொண்டு இருவரும் பெரியவர் வீட்டுக்குச் சென்றோம். திண்ணையில் அமர்ந்து நான் படிக்க, அவர் கண்மூடிக் கேட்டார். ‘தொளி: சேறு’ என்று படித்தேன். கண் திறந்தார். “சேறெல்லாம் தொளி ஆகுமா? தண்ணி நிறுத்தி, உழுது, பதம் வந்த சேறுதான் தொளி. தெருவுல கெடக்கிறது சேறு” என்றார். மாணவியார் அவ்விடத்திலேயே திருத்தி எழுதினார். அயல்நாட்டு மதிப்பீட்டாளர் கண்ணுக்குத் தப்பிய பிழை, வயலில் நின்றவரின் செவிக்குத் தப்பவில்லை.

திறந்த அறிவு ஏன் வேண்டும் என்பதற்கு இதற்கு மேலும் விளக்கம் தேவையில்லை. இரக்கப்பட்டு ஏழைக்கு இடும் பிச்சையன்று அது. அறிவு பிழையின்றி வளர்வதற்கான ஒரே வழி. யாரிடமிருந்து பெற்றோமோ அவரிடமே திரும்பிச் செல்லாத அறிவு, திருத்துவாரற்றுப் பிழையோடு நின்றுவிடும். விலைப்பூட்டை உடைப்போம், மொழிப்பூட்டையும் உடைப்போம். சொல் கொடுத்தவனின் கையில், அவன் மொழியில், நூலைக் கொடுப்போம். அந்நாளே நாஞ்சில் நாட்டின் மூன்றாம் பூ!